அந்தக் காலத்துக்கு நல்ல படம்

“அந்தக் காலத்துக்கு அது நல்ல படம்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் விடைத்தாளைத் திருத்தாமலே பாஸ் போடுகிற வேலை அது. புதுப் படங்களுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறோம்: “நல்ல விஷயம் சொல்ல வந்த படம், அதில் போய் குறை கண்டுபிடிக்கலாமா?” பழசுக்கு வயதைக் காட்டிச் சலுகை, புதுசுக்கு நோக்கத்தைக் காட்டிச் சலுகை. இரண்டிலும் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஓமலூரிலிருந்து சேலம் போய், அங்கே ஏற்காடு பஸ் பிடித்தால், போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. உள்ளே இருந்த ஸ்டூடியோ போய் வீடுகள் வந்துவிட்டன. திருச்செங்கோடு டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ (1938) இவர்களுடையது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இவர்களுடையது. இந்த ‘முதல்’களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. முதலில் வந்தது என்பதால் ஒரு படம் நல்ல படமாகிவிடாது. சுந்தரத்துக்கு நாம் செய்யும் மரியாதை, அவர் படத்தைப் படமாகப் பார்ப்பதுதான்.

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளோடு ‘மந்திரிகுமாரி’ (1950) பார்த்தேன். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது, கருணாநிதி வசனம். அரசவைக் காட்சிகளில் அவள் நெளிந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறவர், போகிறவர், அரசர், காவலர் எல்லோரும் ஒரே உச்சத்தில் நின்று பேசுகிறார்கள். வசனம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எல்லாமே உச்சமாக இருந்தால் காது மரத்துப் போகிறது.

ஆனால் அந்த மலைக் காட்சி வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள். ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்) கொள்ளையடிப்பதை ஒரு கலையாக நினைப்பவன். தன் ரகசியம் தெரிந்துவிட்ட மனைவி அமுதவல்லியை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்ல. அந்தப் பயணம் முழுக்க ஒரு காதல் பாட்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுகிறார்கள், ஜி. ராமநாதன் இசை. அமுதவல்லி காதலைக் கேட்கிறாள். நமக்கு அதே மெட்டில் கொலை கேட்கிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு பொருள், அதைச் சொல்ல ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. உச்சியில் விஷயம் தெரிந்ததும் அமுதவல்லியாக வரும் மாதுரி தேவி கணவனை மூன்று முறை சுற்றி வரக் கேட்கிறார். சுற்றுகிறார். தள்ளிவிடுகிறார். படத்துக்கு அடிப்படையான குண்டலகேசி கதை நமக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த மூன்றாவது சுற்றில் மூச்சு நின்றுவிடுகிறது.

“சித்தி, எம்.ஜி.ஆர் இருக்கற படத்துல இவங்கதான் ஹீரோ” என்றாள். எழுபது வருடத்துக்கு மேலான படத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது. அவள் படத்தின் வயதுக்குச் சலுகை தரவில்லை. நெளிய வேண்டிய இடத்தில் நெளிந்தாள், நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தாள்.

‘அலிபாபா’வை அதே கண்ணோடு பார்த்தால் எனக்குக் கிடைப்பது குறைவு. கேவா கலரில் உடைகளும் குகையும் மின்னுகின்றன. பானுமதி வரும் இடங்களில் படம் துள்ளுகிறது, பி.எஸ். வீரப்பா சிரித்தால் இன்றும் வீடு அதிர்கிறது. இவர்கள் இருவரும் இல்லாத நேரத்தில் கேமரா, வண்ணத்தைக் காட்டிவிட்டோம் என்ற திருப்தியில் உட்கார்ந்துவிடுகிறது. இதைச் சொன்னால் ஊரில் பெரியவர்களுக்கு வருத்தம். அவர்கள் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம். அந்த இரவுகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. அந்த மதிப்பெண் அந்த இரவுகளுக்குச் சேர வேண்டியது.

காலத்தின் மேல் பழி போடவும் முடியாது. ‘மந்திரிகுமாரி’க்கு இரண்டு வருடம் முன்பு, 1948இல், இத்தாலியில் டி சிகா ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்துவிட்டார். ரோம் நகரத் தெருக்களில், நடிப்பு பழகாதவர்களை வைத்து, ஒரு அப்பனும் மகனும் திருடுபோன சைக்கிளைத் தேடி நடக்கிற கதை. அதை யாரும் “அந்தக் காலத்துக்கு நல்ல படம்” என்று சொல்வதில்லை.

இனி புதுப் படங்கள். மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) சேலம் மாவட்டத்துக் கதை. காசிபுரம் என்ற கற்பனைத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக வடிவேலு. முதல் பாதியை நான் தமிழ் சினிமாவின் சிறந்த பகுதிகளோடு வைப்பேன். வில்லன் ரத்னவேலுவின் வீட்டில் அப்பா வடிவேலு நின்றுகொண்டே பேசுகிறார், மகன் அவரை உட்காரச் சொல்கிறான். ஒரு மனிதர் நாற்காலியில் உட்காருவதா வேண்டாமா என்பதில் ஒரு ஜில்லாவின் வரலாறே வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்துத் திண்ணைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்காலி நன்றாகத் தெரியும். சிரிக்க வைத்தே பழகிய வடிவேலு, அந்த முகத்தை அப்படியே இறுக்கி வைத்திருப்பது பெரிய சாதனை. இரண்டாம் பாதியில் தேர்தல் வருகிறது, படம் நமக்குத் தெரிந்த சாலையில் இறங்கிவிடுகிறது. கீர்த்தி சுரேஷின் பாத்திரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. நோக்கம் நேர்மையானது என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் மாரி செல்வராஜை நாம் கலைஞராக மதிக்கவில்லை என்று பொருள்.

ஓடிடியில் வந்தபிறகு நடந்தது இன்னும் வேதனை. ஃபஹத் ஃபாசிலின் ரத்னவேலுவை மட்டும் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி வீரனாக்கிப் பரப்பினார்கள். வில்லனுக்கு இவ்வளவு மிடுக்குக் கொடுத்தது இயக்குநரின் தவறு என்றார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். தன் நாயை அவன் நடத்துகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அவன் யார் என்பதில் சந்தேகம் வராது. துண்டில் அந்த இடம் வராது. முழுப் படத்தைப் பார்க்காதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ‘சேத்துமான்’ (2022) பலருக்குத் தெரியவே தெரியாது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையை வைத்து இயக்குநர் தமிழ் எடுத்தது, பா. ரஞ்சித் தயாரிப்பு, நேராக ஓடிடிக்கு வந்துவிட்டது. மகனையும் மருமகளையும் இழந்த பூச்சியப்பன் பேரனைப் படிக்க வைக்கப் பாடுபடுகிறார். பண்ணையாருக்குப் பன்றிக்கறி தின்ன ஆசை. பிடித்து அறுத்துப் பங்கு போடுகிற வேலை பூச்சியப்பனுக்கு. தின்பதும் ரகசியமாகத்தான் நடக்க வேண்டும். நாட்டில் ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகிற நேரம் அது; அந்தச் செய்தி ஓரமாக ஓடிக்கொண்டிருக்க, இங்கே கறிப் பங்கில் தகராறு முளைக்கிறது. யாரும் பிரசங்கம் செய்வதில்லை. எங்கள் காட்டு மேட்டில் ஆட்கள் பேசுவது போலவே பேசுகிறார்கள், வசவு உட்பட. தாத்தாவும் பேரனும் நடந்து போகும் காட்சிகளில் எனக்கு டி சிகாவின் அப்பனும் மகனும் நினைவுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் நிற்கத் தகுந்த படம் என்று எண்ணித்தான் இதை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் மெதுவாகிறது, உண்மை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. அந்த மெதுவில்தான் கடைசிக் காட்சியின் அடி தயாராகிறது.

பழைய படத்துக்கு ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பேன்: பிரதி. இன்று நமக்குக் கிடைக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் வெட்டுப்பட்டு, வெளுத்து, ஒலி கரகரத்து யூடியூபில் கிடப்பவை. ‘அலிபாபா’வின் நிறத்தைப் பற்றி மேலே எழுதினேனே, அதுகூட மங்கிய நிறத்தைப் பார்த்து எழுதியதுதான். இந்த நிலையை மாற்ற முடியும்: சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) சீரமைக்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. புனே திரைப்பட ஆவணக் காப்பகமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து ‘மந்திரிகுமாரி’, ‘திகம்பர சாமியார்’, ‘அலிபாபா’ என்ற மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் மூன்றையாவது அப்படிச் சீரமைக்க வேண்டும். முதல் காட்சியைச் சேலத்தில் போட வேண்டும், கட்டணம் வைத்தே போடட்டும். அக்கா மகளையும் அவள் தோழிகளையும் நான் கூட்டி வருகிறேன். அரசவைக் காட்சியில் நெளிவார்கள், நெளியட்டும்.