உப்புத்தாளும் நமது கௌரவமும்

இரண்டு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையைப் பார்க்க வரும்படி என்னை அழைத்தார். சாப்பிட அல்ல, பார்க்க! கிருகப்பிரவேசத்துக்கு அழைப்பதுண்டு, வளைகாப்புக்கு அழைப்பதுண்டு. அடுக்களையைத் தரிசிக்க அழைப்பது நம் காலத்தில் தோன்றிய புதிய சம்பிரதாயம். போனேன். சுவர் முழுவதும் செக்கச் சிவந்த பெட்டிகள். முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. கதவை விரலால் தொட்டால், நல்ல வேலைக்காரனைப் போல் ஓசைப்படாமல் தானே மூடிக்கொண்டது. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. நான்தான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுத் தொலைத்தேன்.

"இங்கே உங்கள் அம்மாவின் தேக்கு அலமாரி ஒன்று இருக்குமே, அது எங்கே?"

"அதுவா? ஒரு கதவு தொங்கிப் போய்விட்டது, சார். நிறமும் மங்கிவிட்டது. பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டோம்" என்றார் நண்பர்.

அந்த அலமாரியை எனக்குத் தெரியும். வலைக்கதவு போட்டது. பாலும் தயிரும் நெய்யும் அதில் நாற்பது வருஷம் குடியிருந்தன. கரையான் நெருங்கத் தயங்கும் வைரம் பாய்ந்த தேக்கு. கதவு தொங்கியதற்குக் காரணம், கீலில் இருந்த திருகாணி பிடிப்பு விட்டதுதான். திருகாணி போன துளையில் இரண்டு தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் அதே திருகாணியைத் திருப்பி முடுக்கியிருந்தால் இன்னும் நாற்பது வருஷம் நின்றிருக்கும். ஒரு தேக்கு அலமாரியின் ஆயுள் இரண்டு தீக்குச்சிகளுக்குப் பெறவில்லை!

போன ஐப்பசியில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த சிவப்புப் பெட்டி, தண்ணீர் பட்ட அப்பளத்தைப் போல் உப்பி வாய் பிளந்திருந்தது. செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள், நீர்க்கசிவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்களாம். சமையலறையில் தண்ணீர் புழங்கும் என்று நண்பர் முன்கூட்டியே தெரிவிக்கத் தவறிவிட்டார் போலும்!

உள்ளே இருந்தது மரமே அல்ல. மரச் சிம்புகளையும் தூளையும் யூரியா-பார்மால்டிஹைடு என்ற பிசினோடு குழைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்துப் பலகையாக்கி, மேலே பளபளப்பான தாள் ஒட்டுகிறார்கள். உலர்ந்த அறையில் இலேசான சாமான்கள் வைக்க அது போதும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளிம்பில் ஈரம் ஏறினால் துகள்கள் உப்பும், உப்பியது திரும்பச் சுருங்காது, திருகாணியும் பிடிக்காது. ஈரமான இடத்துக்கென்றே ஐ.எஸ். 710 என்ற தர முத்திரையோடு ஒட்டுப்பலகை விற்கிறது. அதைக் கேட்டு வாங்க நண்பருக்குத் தெரியவில்லை. மரத்தைக் கையால் தொட்டு அறியாதவனுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிறம் ஒன்றுதான்.

சுவரோடு சுவராகப் பொருத்திய சமையலறை பிறந்த கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது காட்சிக்காகப் பிறக்கவில்லை. 1926-ஆம் வருஷம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அதை வகுத்தார். அகலம் ஏறக்குறைய ஆறேகால் அடி, நீளம் பதினொரு அடி. ரயில் வண்டிச் சமையலறையைப் பார்த்து, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை தடவை நடக்கிறாள் என்று கணக்கிட்டு, அந்த நடையைக் குறைப்பதற்காகவே ஒவ்வொரு சாமானுக்கும் இடம் குறித்தார். மாவு வைக்கும் இழுப்பறையை மட்டும் ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். அந்த மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து மாவுப் பூச்சியை அண்டவிடாது என்பது காரணம். பாருங்கள், எந்த மரம் எதற்கு என்ற அறிவு அங்கே இருந்தது. நாம் அந்தப் பெட்டிகளின் வடிவத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, அறிவைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

"சரி, ஐயா, பழசு மங்கித்தான் போகிறது. அதற்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். செய்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே புதுப்பித்தேன். முதல் ஞாயிறு, கதவுகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினேன். பிசுக்கின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. இரண்டாவது ஞாயிறு உப்புத்தாள். எண்பதாம் எண்ணில் தொடங்கி, நூற்றிருபது, பிறகு இருநூற்றிருபது என்று போக வேண்டும். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். மூன்றாவது ஞாயிறு, இறுகிப் போன இழுப்பறைகளின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு வந்தன. நான்காவது ஞாயிறு பூச்சு. கூடத்து மேஜை நாற்காலிக்கு அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அழகு. ஆனால் சூடான பாத்திரம் பட்டால் அதில் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். ஆகவே அடுக்களைக்கு எனாமல் பூச்சுத்தான் உசிதம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் பழைய பெயிண்டு இருந்தால் அதை உலர்ந்தபடியே தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றை நம்ப வேண்டாம். நனைத்துத் தேய்த்து, குழந்தைகளை அப்பால் வைத்து, தூளைத் துடைத்தெடுங்கள்.

வேலை கடினமல்ல. கடினமாக இருந்தது வேறு ஒன்று. வாசலில் கதவுகளைக் கிடத்தி நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் போன ஐந்து பேர் நின்று கேட்டார்கள். ஐந்து பேரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன சார், ஆள் கிடைக்கவில்லையா?"

என் மனைவியும் மெதுவாக வந்து, "ஏங்க, கொல்லைப் பக்கம் போய்ச் செய்யுங்களேன்" என்றாள்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு கேள்விக்காகத்தான். நான் அதே வாசலில் உட்கார்ந்து நாள் முழுதும் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் நின்றிருக்க மாட்டார். உப்புத்தாளைத் தேய்த்தால் அனுதாபம்! கையால் வேலை செய்கிறவன் ஒன்று ஏழையாக இருக்க வேண்டும், அல்லது ஆள் கிடைக்காதவனாக இருக்க வேண்டும் என்பது நமது மத்தியதர வர்க்கத்தின் வேதம். மரவேலை ஒரு ஜாதிக்கு, செருப்பு ஒரு ஜாதிக்கு, துணி வெளுப்பது ஒரு ஜாதிக்கு என்று எழுதி வைத்து, நமக்கு மட்டும் பேனாவை எடுத்துக்கொண்ட பழக்கத்தின் மிச்சம் இது.

காந்திஜி 1937-இல் வார்தாவில் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கச் சொன்னார். எல்லாக் குழந்தைகளுக்கும் சொன்னார். 1953-இல் இங்கே ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்றது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டுமா என்று நாடு கொதித்தது. மறு வருஷமே திட்டம் போயிற்று. போனது நியாயமே. ஆனால் அந்தக் கேள்வியின் மறுபாதியை நாம் இன்னும் கேட்கவில்லை. குமாஸ்தாவின் மகனும் வக்கீலின் மகளும் ஏன் உளியைத் தொடக் கூடாது? தச்சன் மகன் பேனா பிடிக்க வந்துவிட்டான், நல்லது. பேனா பிடித்தவன் மகன் இன்னும் திருப்புளி பிடிக்க வரவில்லையே!

புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சலவைக்கல் படம் அச்சிட்ட ஒட்டுத்தாளை வாங்கித் தேக்கின்மேல் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டுப் புடவையின்மேல் பட்டுப் புடவை மாதிரி படம் ஒட்டுவது போன்றது அது. மரத்தைக் கல்லாகக் காட்டுவதில் என்ன பெருமை? இருப்பதை இருப்பதாகத் துலக்குவதற்குப் பெயர்தான் புதுப்பித்தல். மூடி மறைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

கடைசியாக ஓர் ஆட்சேபணை. அதுதான் பலமானது. "நீரே எல்லாம் செய்துகொண்டால் தச்சர் பிழைப்பு என்னாவது?" என்கிறார்கள். பேச்சிலே தச்சருக்காக உருகும் இவர்கள், அவர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? கூலியில் நூறு குறைக்க ஒரு மணி நேரம் வாதாடுகிறார்கள். "இரண்டு மணி வேலைக்கு இவ்வளவா?" என்கிறார்கள். கம்பெனி நீட்டும் லட்ச ரூபாய்ச் சீட்டிலோ மறு பேச்சில்லாமல் கையெழுத்து! தச்சரின் பிழைப்பைக் கெடுத்தது என் உப்புத்தாளா, அந்தக் கையெழுத்தா?

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பலகை மக்கிப் போயிருந்தது. அது என் சக்திக்கு மீறிய காரியம். தச்சர் ஒருவரை வரவழைத்தேன். வந்தவர் நான் தேய்த்த கதவைப் புறங்கையால் ஒருமுறை தடவினார்.

"இதை யார் தேய்ச்சது, சார்?"

"நான்தான், ஆசாரியாரே" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"இழைக்குக் குறுக்கே தேய்ச்சிருக்கீங்க. இழையோட போகணும், சார். வெளிச்சத்தில சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்துப் பார்த்தேன். நூறு கீறல்கள் தெரிந்தன. நான்கு வாரம் என் கண்ணுக்குத் தெரியாதவை அவர் புறங்கைக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டன. பழைய பலகையை எடுத்துப் புதியதைப் பொருத்தி, இடுக்கில் நகம்கூட நுழையாதபடி முடித்துவிட்டுக் கூலியைச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக நான் பேரம் பேசவில்லை. பேச வாய் வரவில்லை. அந்த வேலையின் விலை என் தோள்பட்டைக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டில் தொங்கும் கதவு ஒன்று நிச்சயம் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வாசலில் கிடத்துங்கள். கொல்லைப்புறத்தில் வேண்டாம், வாசலில். யாராவது நின்று "ஆள் கிடைக்கவில்லையா?" என்று கேட்டால், கையிலிருக்கும் உப்புத்தாளில் பாதியைக் கிழித்து அவரிடம் கொடுத்து, "இதோ, கிடைத்துவிட்டாரே!" என்று சொல்லுங்கள்.