பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு?

கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேன் சீட்டு சொன்னதும் வீட்டில் தீர்ப்பு தயார்: "பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அந்தப் பை? விட்டுவைத்தால் கேன்சராகிவிடும்." டாக்டரும் தலையாட்டிவிட்டால் அடுத்த வாரமே ஆபரேஷன்.

புனேக்காரர்களாவது இப்படிப் பேசக் கூடாது. 2017 மே மாதம் அங்குள்ள கேலக்ஸி கேர் மருத்துவமனையில் ஷைலேஷ் புந்தாம்பேகர் குழுவினர் ஒரு தாயின் கர்ப்பப்பையை மகளுக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. அதே மருத்துவமனையில் தாயின் கர்ப்பப்பையைப் பெற்ற இன்னொரு பெண்ணுக்கு 2018 அக்டோபரில் மகள் பிறந்தாள். தன்னைச் சுமந்த பையிலேயே அவர் தன் குழந்தையையும் வளர்த்தார். "வேலை முடிந்த" பை அது!

மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆணையர் அலுவலகமும் புனேவில்தான். சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டப் போகும் பீட் மாவட்டப் பெண்களை 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஒரு நாள் வெட்டுக்குப் போகாவிட்டால் அபராதம் என்ற வாழ்க்கையில் மாதவிலக்கே நஷ்டக் கணக்கு. அதன்மேல் கேன்சர் பயத்தையும் ஏற்றினால் யார்தான் மறுப்பார்கள்?

கட்டி சரி, என்ன கட்டி? பெரும்பாலும் ஃபைப்ராய்டு (லியோமயோமா) என்ற சாதுத் தசைக் கட்டி, மாதவிலக்கு நின்றபின் தானே சுருங்கக்கூடியது. அபூர்வமான மற்றவற்றில்தான் இந்த அவசரத்தின் அசட்டுத்தனம் வெளிப்படுகிறது. கொழுப்பு கலந்த லைப்போலியோமயோமாவை எம்ஆர்ஐ காட்டிக்கொடுத்துவிடும். அடினோமட்டாய்டு கட்டி ஃபைப்ராய்டு வேஷத்தில் கிடக்கும். திசுவை நுண்ணோக்கியில் வைத்து, கால்ரெட்டினின் போன்ற புரதங்களுக்கான பரிசோதனை செய்தால்தான் ஆள் யாரென்று தெரியும். 1996இல் விவரிக்கப்பட்ட காட்டிலிடனாய்டு கட்டி, நஞ்சுக்கொடித் திசுபோல் கர்ப்பப்பைக்கு வெளியே பிதுங்கி நிற்கும். கண்ணால் பார்த்தால் புற்றுநோயேதான்; ஆனால் சாதுக் கட்டி. சிரைகளுக்குள் வளரும் லியோமயோமாவோ நேர்மாறு. செல்கள் சாது, நடத்தை பயங்கரம்: ரத்தக் குழாய் வழியே இதயம் வரை ஏறக்கூடியது. அதை வெறும் ஃபைப்ராய்டு என்று நினைத்துப் பையை மட்டும் அறுத்தெடுத்து வீட்டுக்கு அனுப்பினால், நோய் சிரைக்குள்ளேயே தங்கிவிடும்.

சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிட்டால்? நியாயமான பயம். ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்துகொள்ளும் 350 பேரில் ஒருவருக்கு அது ஒளிந்திருக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் கணித்தது. மிகையான கணக்கு என்பாரும் உண்டு. சரியென்றே வைத்துக்கொண்டாலும், கட்டியை உடலுக்குள்ளேயே கருவியால் துண்டாக்கி எடுப்பதற்கு எதிராக எச்சரிக்கச் சொன்ன எண் அது. மீதி 349 பேரின் பையையும் அறுத்தெறியக் கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் போனாலோ, கட்டி வளர்ந்தாலோ தாமதிக்கக் கூடாது; அதில் சண்டையில்லை. தாங்க முடியாத ரத்தப்போக்குக்கு, மற்ற சிகிச்சைகள் தோற்றபின், யோசித்து எடுக்கும் முடிவிலும் இல்லை. சினைப்பைகளையும் "சேர்த்தே எடுத்துவிடுவோம்" என்று முப்பத்தைந்து வயதுக்காரியை ஒரே நாளில் மெனோபாஸுக்குள் தள்ளி, எலும்பையும் இதயத்தையும் பணயம் வைப்பதில்தான் சண்டை.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு கிடக்கட்டும். நாள் குறிக்கும் டாக்டரிடம் கேளுங்கள்: கட்டியின் பெயர் என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள், எடுத்த பை எந்த லேபுக்குப் போகும், பயாப்ஸி ரிப்போர்ட்டை எங்கள் கையில் எப்போது தருவீர்கள்?