இருட்டறைக்கு இடமில்லையா? ஒரு கண்ணாடித் துண்டு போதும்!

பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழுப்பு கவர் கிடக்கும். உள்ளே தாத்தா, பாட்டி, காதுகுத்து, கல்யாணம் என்று எல்லாமே நெகட்டிவ்களாக இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்த கவர்தான். பிரிண்ட் தொலைந்துபோன குடும்பத்தில் அந்த முகங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

"வீட்டிலேயே பிரிண்ட் போடலாமே" என்று யாராவது சொன்னால் உடனே பதில் வரும். "அதுக்கு டார்க் ரூம் வேணும், என்லார்ஜர் வேணும். இங்கே படுக்கவே இடமில்லை!"

இந்தப் பதில் பாதிதான் உண்மை. படத்தைப் பெரிதாக்கத்தான் என்லார்ஜர் தேவை. நெகட்டிவை போட்டோ பேப்பர் மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டினால் கிடைப்பது கான்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவ் என்ன அளவோ, படமும் அதே அளவு.

இது ஏழைகளின் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். தேனிப் பகுதியும் 1990-களில் பிரியும்வரை அதே மதுரை மாவட்டம்தான். அவர் பயன்படுத்தியது பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள். பிரிண்ட் எல்லாமே கான்டாக்ட் முறையில் போட்டவை. பின்னாளில் வீடுகளுக்கு வந்த அக்ஃபா கிளிக் 3 கேமராவின் நெகட்டிவ் 6 செ.மீ. சதுரம். அதை அப்படியே பிரிண்ட் போட்டாலே ஆல்பத்தில் ஒட்டலாம்.

சரி, இடத்துக்கு வருவோம். திராட்சைக்குப் பெயர்போன ஓடைப்பட்டி மாதிரி ஊரில், இரண்டு அறை வீட்டில் என்ன செய்வது? ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாத்ரூமே இருட்டறை! ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய சேலை. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ என்று மூன்று தட்டுகள். தரையில் இடமில்லையா? ஸ்டூல், பலகை, வாளி என்று படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கலாம். சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை அப்படியே நம்பக்கூடாது. அந்த வெளிச்சத்தில் பேப்பர் மேல் ஒரு நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்து, பிறகு டெவலப் செய்து பார்க்க வேண்டும். நாணயத்தின் தடம் விழுந்தால் பல்பை மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊர் சூடு. மருந்துகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கணக்கு. சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். பானைத் தண்ணீர் ஊற்றிய அகலமான தாம்பாளத்தில் டெவலப்பர் தட்டை வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் சமையல் பாத்திரத்தை மட்டும் தொடக்கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது.

பேப்பர் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் தயாரித்தது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. வெளிநாட்டுப் பேப்பர் விலை மாணவர் பாக்கெட்டுக்கு ஒத்துவராது.

அதற்கும் வழி இருக்கிறது. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப். கட்டடப் பிளானுக்கு 'புளூபிரிண்ட்' என்ற பெயர் வந்ததே இதனால்தான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசலையும் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, கனமான ட்ராயிங் பேப்பரில் தடவி, இருட்டில் காயவைக்க வேண்டும். பிறகு நெகட்டிவ், கண்ணாடி, மொட்டைமாடி வெயில். கடைசியில் தண்ணீரில் அலசினால் நீல நிறத்தில் படம். கம்பம் பள்ளத்தாக்கில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை! நெகட்டிவ் இல்லாதவர்கள் ஒரு திராட்சை இலையை வைத்துப் பழகலாம். அன்னா அட்கின்ஸ் 1843-லேயே கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார்.

"போனில் படம் எடுத்து வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். அதையும் செய்யட்டும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் கலர் நெகட்டிவுக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் போன் தொலைந்தால் படமும் போச்சு. பேப்பரில் இருப்பதைப் பார்க்க பாஸ்வேர்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். 35 மி.மீ. கான்டாக்ட் பிரிண்ட் தபால்தலை சைஸுக்குத்தான் வரும், அது உண்மை. ஆனாலும் 36 படச் சுருளை ஆறு ஆறாக வெட்டினால் எட்டுக்குப் பத்து இஞ்ச் தாள் ஒன்றில் மொத்தமும் அடங்கிவிடும். எது யார் என்று பின்பக்கம் எழுதி வைக்க அது போதும்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், நெகட்டிவ் என்பது சொத்து. பூஞ்சை பிடித்து வருடாவருடம் தேய்மானம் ஆகிற சொத்து. அதைவிட வேகமாகத் தேய்வது, படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பெரியவர்களின் ஞாபகம். இடம் எப்போது கிடைத்தாலும் பிரிண்ட் போடலாம். "இது யாரு பாட்டி?" என்று கேட்க அந்தப் பாட்டி இருந்தால்தான் உண்டு.