வெளிநாட்டில் ஓய்வுக் காலம்: ஆண்டுக்கு ஒரு பரீட்சை!

வயதான காலத்தில் கவலை இல்லாமல் இருக்க வேண்டும். இந்த ஆசை யாருக்குத்தான் இல்லை?

இங்கிலாந்தில் குளிர் அதிகம். குளிர் காய்வதற்கு ஆகும் செலவும் அதிகம். பென்ஷன் பணமோ அளவானது. ஆகவே அந்த நாட்டுப் பெரியவர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்லாந்துக்குப் போகிறார்கள். அமெரிக்கர், ஜெர்மானியர், ஆஸ்திரேலியர் என்று மற்றவர்களும் போகிறார்கள். சியாங் மாய், ஹுவா ஹின், பட்டாயா ஆகிய ஊர்களில் இவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

வெயில் உண்டு. கடல் உண்டு. கைக்கு அடக்கமான செலவில் சாப்பாடு உண்டு. அப்புறம் என்ன குறை?

ஒரு குறை உண்டு. அங்கே அவர்கள் குடிமக்கள் அல்ல, விருந்தாளிகள். "இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறேன்" என்று ஒவ்வோர் ஆண்டும் அனுமதி கேட்க வேண்டும்!

என்ன நிபந்தனை?

வயது 50 நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து பாங்கியில் 8 லட்சம் பாட் போட்டு வைத்திருக்க வேண்டும். பாட் என்பது அந்த நாட்டு நாணயம். இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சம் என்று கணக்குக் காட்டினாலும் சரி. வேலை எதுவும் பார்க்கக் கூடாது.

அனுமதியை நீட்டிக்க 1,900 பாட் கட்டணம். அது பெரிய தொகை அல்ல. ஆனால் பாங்கியில் உள்ள பணத்துக்குத்தான் பூட்டு மேல் பூட்டு!

மனுப் போடுவதற்கு 2 மாதம் முன்பே 8 லட்சமும் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் 3 மாதம் அதைத் தொடக் கூடாது. அதற்குப் பின் எடுக்கலாம். அப்போதும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 2019-ம் ஆண்டில் வந்த விதி இது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. தொடர்ந்து 90 நாள் தங்கினால், "இன்ன விலாசத்தில் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். நடுவில் சொந்த ஊருக்குப் போவதானால், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் ஆண்டு அனுமதி அத்துடன் போயிற்று! கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம். அது 20,000 பாட் வரை போகும்.

நாணயத்தின் விளையாட்டு

மாதம் 1,000 பவுன் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2006-ல் ஒரு பவுனுக்குச் சுமார் 70 பாட் கிடைத்தது. அப்படியானால் மாதம் 70,000 பாட். பரீட்சையில் அவர் பாஸ்!

2019 ஆகஸ்டில் ஒரு பவுனுக்கு 40 பாட் கூடக் கிடைக்கவில்லை. அதே 1,000 பவுன், 40,000 பாட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பரீட்சையில் அவர் பெயில்!

அவர் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. நாணய மதிப்பு இறங்கியது, அவ்வளவுதான். தாய்லாந்தில் குடியிருக்கும் பிரிட்டிஷ் முதியவர்களுக்கு அரசாங்கப் பென்ஷன் ஆண்டுதோறும் ஏறுவதும் இல்லை. அங்கே போன அன்று என்ன தொகையோ, அதுவேதான் கடைசி வரை.

எது நியாயம்? எது அநியாயம்?

வெளிநாட்டார் பணம் காட்ட வேண்டும் என்று தாய்லாந்து கேட்பது நியாயமே. வெளிநாட்டு நோயாளிகள் கட்டாமல் விட்ட கட்டணத்தால் அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு நஷ்டம் ஏற்பட்டிருக்கிறது. அந்தச் சுமையை அந்த நாட்டு ஏழை எதற்காகச் சுமக்க வேண்டும்? ஆகவே விதியை எடுத்துவிடு என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தப் பணம் எதற்காக? ஆபத்துக் காலத்துக்காகத்தானே? 70 வயதுக்காரர் திடீரென்று மாரடைப்பில் விழுகிறார். ஆஸ்பத்திரியில் 5 லட்சம் பாட் கட்டச் சொல்கிறார்கள். அவர் பாங்கிப் பணத்தை எடுத்தால் உயிர் பிழைக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அனுமதி போய்விடும். எடுக்காவிட்டால் அனுமதி நிற்கும்; உயிர் நிற்குமா?

நோயாளிக்கு என்று தனி அனுமதி உண்டு. அது ஒரு தடவைக்கு 90 நாளுக்கு மேல் இல்லை. இன்ஷூரன்ஸ் எடுக்கலாமே என்பீர்கள். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. பழைய நோய் இருந்தால் அதற்குப் பணம் தர மறுக்கிறார்கள்.

சூதாடித் தொலைத்த பணமும் ஆஸ்பத்திரியில் கட்டிய பணமும் ஒன்றா? சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. பாங்கியில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போன தொகையை, அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும், கையில் இருப்பதாகவே கணக்கில் கொள்ளட்டும். ரசீது இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது. ஏமாற்ற வழி இல்லை. நாட்டுக்கும் நஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் வந்துவிட்டதே!

போகிறவர்கள் கவனிக்க

சட்டம் மாறும் வரை சும்மா இருக்க முடியாது. போகிறவர்கள் தாங்களே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தியர் போனாலும் ஆண்டு நீட்டிப்புக்கு இதே 50 வயது, இதே 8 லட்சம்தான்.

முதலாவது, விசாவுக்கு என்று ஒரு பணம். வைத்தியத்துக்கு என்று வேறு பணம். இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, கணவர் பெயரில் அனுமதி, மனைவி அவருடைய துணை என்று எழுதியிருந்தால், கணவர் காலமானதும் மனைவியின் அனுமதியும் ஆட்டம் காணும். கணவரின் பாங்கிக் கணக்கும் முடங்கும். கோர்ட்டு உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே மனைவி பெயரிலும் தனியாகப் பணம் இருக்கட்டும். உயிலும் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, சொந்த ஊரில் உள்ள வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். அங்கே வெளிநாட்டார் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கலாம். வீடு இருந்தாலும் விசா இல்லாவிட்டால் அதில் இருக்க முடியாது!

வெளிநாடு எவ்வளவு அழகாகவும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை "போ" என்று சொல்லக்கூடிய இடம் அது. "வா" என்று சொல்ல ஒரு வாசல் சொந்த ஊரில் திறந்திருக்கட்டும்!