ஓய்வு என்று நான் மொழிபெயர்த்தது

"அம்மாவ நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லுங்க." நோயாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், பார்க்க வரும் உறவினர் அனைவரும் தவறாமல் சொல்லும் வாசகம் இது. ஆரஞ்சுப் பழங்களோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்பினால் சொல்லப்படும் இந்த அறிவுரை சில நோயாளிகளை முடக்கிவிடும் என்பதே என் கருத்து. நான் மருத்துவ மாணவன் அல்லேன். ஆனால், என் அம்மாவை நான்கு மாதம் படுக்கையில் கிடத்திய பெருமையில் எனக்கும் பங்குண்டு.

ஈராண்டுகளுக்கு முன், கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுடன் இருந்த அம்மாவுக்கு நுரையீரல் தமனி அடைப்பு ஏற்பட்டது. அசையாமல் கிடந்த காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மருத்துவர் மலாய்மொழியில் விளக்கியவற்றுள் 'பெரெஹாட்' என்ற சொல்லும் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்த நான்தான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளன். "படுத்தே இருக்கணுமாம்மா, நடந்தா கட்டி நகர்ந்திடுமாம்" என்றேன். அந்த இரண்டாம் பாதியை மருத்துவர் சொல்லவே இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

அம்மா அப்படியே நம்பினார். அத்தை சமைத்தார், அப்பா தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பெரிய சோற்றுப் பானையைத் தனியாளாகத் தூக்கியவர், நான்காம் மாதம் அறையிலிருந்து சமையற்கட்டுக்கு வருவதற்குள் நாற்காலியைத் தேடினார். மூச்சு வாங்கும்போதெல்லாம் கட்டி திரும்பிவிட்டதென்று பயந்து மீண்டும் படுக்கவைத்தோம். மறுபரிசோதனையில் கட்டி கரைந்திருந்தது. இதயமும் நன்றாகவே இருந்தது. பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? இயன்முறை மருத்துவர் அம்மாவின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "இங்கே பாருங்கள்" என்றார். தளர்ந்து, பாதியாகச் சுருங்கியிருந்தது.

பயன்படுத்தாத தசை மெலிவது மட்டுமன்று, உயிர்வளியைப் பயன்படுத்தும் திறனையும் இழக்கிறது. அத்தகைய தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் மிகும் கரியமில வாயுவை வெளியேற்ற நுரையீரல் வேகமாக இயங்கவேண்டியிருக்கிறது. ஆக, மூச்சு வாங்குவது நெஞ்சில், பழுதோ தொடையில். நோயாளி பயந்து உட்காருகிறார். உட்கார உட்காரத் தசை மேலும் தளர்கிறது.

இது என் அம்மாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கனடாவில் இந்நோய் கண்ட 100 பேரை ஓராண்டு கண்காணித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரின் உழைப்புத்திறன் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. மிச்சமிருந்த கட்டியைவிட, உடல் உழைப்பின்றித் தளர்ந்ததே அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. இன்னொன்றும் படித்தேன். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நலமாயிருந்த ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு முப்பது ஆண்டு முதுமைகூட அவர்களின் உழைப்புத்திறனைக் குறைக்கவில்லை! இருபது வயது உடலுக்கே மூன்று வாரம் என்றால், ஐம்பது வயது அம்மாவுக்கு நான்கு மாதம்?

சிகிச்சை தொடங்கி உடல்நிலை சீரானபின் நடப்பதால் கட்டி நகர்ந்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. நார்வேயில் 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூச்சுத்திணறல் நீங்காதவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி அளித்தபோது நடைத்திறன் கூடியது. அதற்காகத் தானாகவே ஓடத் தொடங்குவதும் தவறு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி, ஒருகால் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூன்று மாத மருந்துக்குப் பிறகும் மூச்சு வாங்கினால் இதயத்தையும் நுரையீரலையும் சோதித்தே தீரவேண்டும். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி நிற்பதும் உண்டு.

டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் 2017இல் மகப்பேற்றுக்குப் பின் இதே நோயால் ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். 2018 ஜூலையில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஆடினார். அவருக்குப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எங்கள் அம்மாவுக்கு வாய்த்ததோ, பாதியைக் கேட்டு மீதியைக் கற்பனை செய்த ஒரு மகன்.

மருந்து எத்தனை வேளை என்று அட்டையில் எழுதித் தருகிறார்கள். எந்த வாரம் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் அதே அட்டையில் எழுதினால் என்ன? அதைத் தமிழில் எழுத, நம் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் இப்பேரவையும் சேர்ந்தால் ஒரு வார இறுதி போதும். 'தமிழில் கலைச்சொல் இல்லையே' என்று சிலர் இழுப்பார்கள். அன்று எனக்குச் சொல் கிடைக்காமல் போகவில்லை. "எவ்வளவு ஓய்வு, டாக்டர்?" என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றவில்லை. பட்டிமன்ற மேடையில் எதிரணியை மடக்கிக் கேட்ட வாய்தான் அது.

முதல் வாரம் வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வேலிவரைதான் அம்மாவால் நடக்க முடிந்தது. இப்போது தாமான் முனையிலுள்ள மளிகைக்கடைவரை போய் வருகிறார். திரும்பும்போது மேட்டில் ஒருமுறை நிற்கிறார். நான் கை நீட்டினால், "விடுப்பா, நானே வரேன்" என்கிறார்.