தர்மமா, தள்ளுபடியா?

தர்மம் செய்பவன் தன் கைப்பொருளில் ஒரு பங்கை இழக்கிறான். தள்ளுபடியில் சரக்கு வாங்குபவன் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறான். இவ்விரண்டும் ஒரே செயலில் எங்ஙனம் கூடும் என்று சாமானியர் வியக்கலாம். அமெரிக்க தேசத்து வியாபாரிகள் அதைக் கூட்டிக் காட்டியிருக்கின்றனர்.

2010-ஆம் ஆண்டு மே மாதம் அங்கு தோன்றிய ‘ஹம்பிள் பண்டில்’ என்னும் விற்பனை, சில கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஒரே கட்டாகச் சேர்த்து, இஷ்டமான விலை கொடுக்கலாம் என்று ஜனங்களை அழைத்தது. கொடுத்த பணத்தை விளையாட்டை இயற்றினோர், தர்ம ஸ்தாபனங்கள், விற்பவர் ஆகிய மூவருக்கும் பங்கிடும் உரிமையும் வாங்குவோனிடமே இருந்தது. பிற்காலத்தில், கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு இல்லாத உலகில் உலாவும் மெய்நிகர் விளையாட்டுகளும் இவ்வண்ணமே கட்டாக விற்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் ஜனங்கள் பிராணவாயுவின்றித் தவித்த காலத்தில், அந்நிறுவனம் நிவாரணத்துக்காக விற்ற ஒரு கட்டினால் பயனடைந்த ஸ்தாபனங்களில் நம் நாட்டு ‘கிவ் இந்தியா’வும் ஒன்று. அந்த உதவியை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

நிற்க. இந்தத் தர்மத்தில் இழந்தவர் யார்? ஒருமுறை இயற்றிய விளையாட்டுக்கு மற்றுமொரு பிரதி எடுக்கச் செலவு ஏறக்குறைய இல்லை. முழு விலைக்கு ஒருபோதும் வாங்கியிராதவன் குறைந்த விலைக்கு வாங்குகிறான். ஆகவே இழப்பு சொற்பம், புகழோ பெரிது. இதில் குற்றமில்லை. ஆனால் அதே 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில், தர்மத்துக்கு ஒதுக்கக்கூடிய பங்கு 15 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று அந்நிறுவனம் வரம்பு கட்ட முற்பட்டது. வாங்குவோர் வெகுண்டெழவே, அப்போதைக்குப் பின்வாங்கிற்று. பின்னர் தனக்கென ஒரு குறைந்தபட்சப் பங்கை நிர்ணயித்துக்கொண்டது. தர்மத்தின் பெயரால் சேர்ந்த கூட்டம் நாளடைவில் கடையின் வாடிக்கையாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1934-ஆம் ஆண்டு ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்த மகாத்மா, தமக்கு அளிக்கப்பட்ட உபசாரப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் மேடையிலேயே ஏலம் விட்டார். பொருளின் மதிப்புக்கு மேலே கொடுத்த பணமே அங்கு தர்மம் எனப்பட்டது. இங்கோ மதிப்புக்குக் கீழே கொடுத்துவிட்டுத் தர்மவான் என்று மகிழ்கிறோம்.

மத்திகிரிவாசிகளுக்கு இவ்விஷயம் தூரத்துக் கதையன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வாழும் வாலிபர் ஏராளம். அவர்கள் கையில் போனும், மாதக் கடைசியில் சிறிது மிச்சமும் உண்டு. ‘வாங்கினால் ஏழைக்கு உதவி’ என்னும் விளம்பரம் நாளை அவர்களை எந்தச் சரக்கின் பேராலும் அணுகும். அப்பொழுது அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நான் கொடுக்கும் நூறு ரூபாயில் ஏழைக்குச் சேர்வது எத்தனை?

இக்கேள்வி தொழிலதிபர்களுக்கும் பொருந்தும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதிக்கிறது. தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முதலிடம் தரவும் சொல்கிறது. ஆலைக்கு அருகே குடியிருக்கும் தொழிலாளி இந்த 2 சதவீதத்தில் தன் தெருவுக்கு வந்தது எவ்வளவு என்று அறிவானா? கம்பெனி அறிக்கையில் அச்சாவது போதாது. ஊர்ச் சாவடியிலும் பள்ளிச் சுவரிலும் தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும்.

ஆதலின் நமது யோசனை இதுவே. தர்மத்தின் பெயரால் சரக்கு விற்கும் எவரும் விலைக்கு அருகிலேயே தர்மப் பங்கையும் அச்சிட வேண்டும். ஆண்டிறுதியில் கணக்கு வெளியிட வேண்டும். மறுப்பவரிடம் வாங்கலாம், ஆனால் வாங்கியதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். கொடுக்க விரும்புகிறவன் நேராகக் கொடுக்கட்டும்; விளையாட விரும்புகிறவன் வெட்கமின்றி விளையாடட்டும். கணக்கு மட்டும் விளையாட்டாகிவிடக் கூடாது.