மானம் பிறகு, மூச்சு முதலில்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர் ஒரு தாய். முன்பு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்; இப்போது பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஹெரோயின் பழக்கத்துக்கு ஆளான மகன், இரண்டு ஆண்டுகள் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு உடம்பு தேறி வீடு திரும்பினான். கோழி அடித்துச் சமைத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் இரவு குளியலறையில் விழுந்து கிடந்தான். எழுப்பினால் எழவில்லை, குறட்டைச் சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாதே என்று கதவைச் சாத்தினார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். “தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்” என்றார் தகப்பனார். விடியும்போது மகன் உயிரோடு இல்லை.

“உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா?” என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அம்மா, அதை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. குற்றம் உங்களுடையது என்றும் நான் சொல்லமாட்டேன். தெரிந்தவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் உங்கள் கடிதம் இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடும். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

ஹெரோயின், மார்ஃபின், மெத்தடோன் ஆகியவை எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் போய் உட்காருகிறவை. அளவு மிஞ்சினால் மூச்சு விடும்படி மூளை இடும் கட்டளை தளர்ந்துபோகிறது. ஆளைக் கொல்வது மூச்சு நின்றுபோவதே. நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பை விட்டுப் போயிருக்கும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது உயிரைக் குடித்துவிடும். அதோடு சம்சுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அதன் பெயர் நலோக்சோன். 1961இல் அமெரிக்காவில் ஜாக் ஃபிஷ்மன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் கண்டுபிடித்தார்கள். 1971இல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. மூளையில் உட்கார்ந்திருக்கும் போதைப் பொருளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஊசியாகவும் போடலாம், மூக்கில் தெளிக்கவும் செய்யலாம். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பத் தொடங்கும். போதைப் பொருள் உட்கொள்ளாதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் செய்யாது. 2023 முதல் அமெரிக்காவில் மூக்கில் தெளிக்கும் மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் சியாபு போன்றவற்றுக்கு இம்மருந்து வேலை செய்யாது.

நாம் இம்மருந்துக்கு ஆஸ்பத்திரியைத்தான் நம்ப வேண்டும். ஆகவே மருந்து வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைப்பது வீட்டிலிருப்பவர் வேலை.

அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லி உலுக்கினாலும், நெஞ்செலும்பின் மேல் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாலும் விழிக்கமாட்டார். கண்ணின் பாப்பா குண்டூசி முனைபோல் சுருங்கியிருக்கும். மூச்சு அரிதாகும், அல்லது தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். நம்மைப் போன்ற கறுத்த மேனியில் நீலம் பாய்வது எளிதில் தெரியாது. நகத்தையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள்.

உடனே தொலைபேசியை எடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. “மூச்சு விடவில்லை” என்பதை முதலில் சொல்லுங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காதீர்கள். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நெஞ்சு மேலெழுந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். நெஞ்சை அழுத்தும்படி தொலைபேசியில் சொன்னால் அப்படியே செய்யுங்கள். மூச்சு தானாக வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் ஊற்றுவது, நடக்க வைப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். தூங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நலோக்சோன் வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைதான். மெத்தடோன் அதைவிட நெடுநேரம் உடம்பில் தங்கும். எழுந்து உட்கார்ந்தவன் “எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்” என்று கோபிப்பான். விடாதீர்கள். மூச்சு மறுபடி நிற்கக்கூடும். மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை நடந்து வருகிறது. அந்த மருந்து உங்கள் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து.

போலீஸ் வருமே, உறவில் பெண் கொடுக்கமாட்டார்களே என்று தயங்குகிறோம். வழக்கு வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊர்வாய் ஒரு மாதம் பேசும், அப்புறம் வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடும். மருந்தைக் கண்டுபிடித்த ஃபிஷ்மனின் மனைவியின் மகனே 2003இல் ஹெரோயின் அளவு மிஞ்சி இறந்தான். மருந்தைத் தந்தவர் குடும்பத்துக்கே அது வேளைக்கு எட்டவில்லை. அப்படியிருக்க, வெட்கப்பட்டு நாம் இழக்கும் பத்து நிமிடத்தை எங்கே போய்த் தேடுவது?

அம்மா, உங்கள் மகனுக்காக இதை ஒரு காரியமாகச் செய்யுங்கள். உங்கள் அடுக்குமாடியில் இதே கவலையோடு இன்னொரு தாய் இருப்பார். இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். மற்ற வாசகர்கள் அந்தத் தொலைபேசி எண்ணை வீட்டு நாட்காட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.